இடுப்பளவுத் தண்ணீரில் பாப்பாத்தி

வெள்ளேரிப்பட்டு மீன் கம்பெனிக்குத் தலைவராகப் பாப்பாத்தியைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் பாப்பாத்தி இல்லை. அந்த நேரத்தில் அவள் மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில், கரும்பு டிராக்டரின் நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் மேலத்தெரு ஒரு பெயரும் கீழத்தெரு ஒரு பெயரும் சொல்லிக் கத்தின. கத்திக் கத்தித் தொண்டை வற்றிய பிறகு, கூட்டத்துக்கு வராதவர்தான் பொதுவான ஆள் என்று யாரோ சொல்ல, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வராதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பாப்பாத்தி. இன்னொருவர் போன மாதம் செத்துப்போயிருந்தார். உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்க மறந்திருந்தார்கள். அவருக்கும் நாலைந்து பேர் கை தூக்கினார்கள் என்று கேள்வி.

கம்பெனி என்றால் கண்ணாடிக் கட்டடம் எல்லாம் இல்லை. ஊர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து, ஆடி கழிந்ததும் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு, சித்திரையில் பிடித்து விற்று, வருவதை எல்லா வீட்டுக்கும் பங்கு போடுகிற கம்பெனி. கூலிக்காரக் குடும்பங்கள்தான் அதற்கு முதலாளிகள். இதைத் தொடங்கிவைக்க வந்த அதிகாரி விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தபோது ஊர் சமர்த்தாகத் தலையாட்டியது. 'தலைவர் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்' என்ற இடம் வந்ததும் ஊர்ப் பெரியவர் முனியன் எழுந்து, எங்கே நின்று பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

அதிகாரிக்குக் கேள்வி விளங்கவில்லை. ஊருக்கு விளங்கியது. அந்த ஊரில் மதகு திறக்கிறவன் மீது சந்தேகம் வந்தால், அவன் ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுதான் சத்தியம் செய்ய வேண்டும். தண்ணீரில் நின்று பொய் சொன்னால் கரை உடையும் என்பது நம்பிக்கை. ஏரியில் கம்பெனி நடத்துகிறவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வதாவது என்று ஊர் பிடிவாதம் பிடித்தது. அதிகாரிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். அதையும் ஒரு விதியாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் தலைவர் ராஜாங்கம். நாலு காணி கரும்பும், எதிராளியின் தோளில் கை போட்டே பேசுகிற பழக்கமும் உள்ள மனிதர். ஆண்டுக்கூட்டம் கரையில் நடக்காது. கரை ஓரம் ஆழம், மேலெல்லாம் வேலிமுள். எதிர்ப்பக்கம், மலையைப் பார்த்த உள்வாயில்தான் நடக்கும். அங்கே தரை உள்ளங்கை போலச் சரிவே இல்லாமல் போகும். இடுப்பளவு ஆழம் வேண்டுமென்றால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ராஜாங்கம் நடந்தார். ஆள் ஒரு காக்கை அளவுக்குச் சிறுத்த பிறகு நின்றார். அங்கிருந்து கையை ஆட்டி, நெஞ்சில் தட்டி, வானத்தைக் காட்டி வெகுநேரம் பேசினார். ஒரு எழுத்துகூடக் கூட்டத்துக்கு வந்து சேரவில்லை.

முன்வரிசையில் இருந்தவர்கள், நமக்குத்தான் காது மந்தமோ என்று பயந்து தலையாட்டினார்கள். முன்வரிசைக்குக் கேட்டிருக்கிறது என்று நம்பிப் பின்வரிசை கைதட்டியது. அடுத்த வருடம் மைக் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, தண்ணீரில் நிற்கிற ஆளின் கையில் கரண்ட்டைக் கொடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போக முடியாது என்று மைக்செட்காரர் கும்பிடு போட்டார். செல்போனில் பேசச் சொன்னார்கள். ராஜாங்கத்தின் போன் பாதி வழியில் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அது எப்படி விழுந்தது என்பதற்கும் அவர் அங்கிருந்தே விளக்கம் சொன்னார். இப்படியே நான்கு வருடம் ஒளிவுமறைவு இல்லாத மனிதர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

அவருக்குப் பிறகுதான் பாப்பாத்தி. பத்து வயதில் அருவாள் பிடித்தவள். பிறந்த ஊரில் 'ஏ புள்ள', வாழ்க்கைப்பட்ட ஊரில் 'சடையன் பொண்டாட்டி', ஆலை வாசலில் 'கரும்புக்காரம்மா'. பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டவர்களை எண்ண ஒரு கை போதும். தலைவரான மறுநாள் டீக்கடைக்காரர் உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, "உக்காருங்க தலைவரம்மா" என்றார். நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக உட்கார்ந்து டீ குடித்தாள். அந்த டீயின் ருசியே வேறு. அந்த நாற்காலி மீது அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அதை யாராலும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

நன்றாகத்தான் நடத்தினாள். குஞ்சு விடும்போது கூடவே நின்றாள், திருட்டு வலை போட்டவனை விரட்டினாள். முதல் வருடமே சென்னையில் ஏதோ ஒரு அமைப்பு, கிராமத்துக் கம்பெனிகளில் சிறந்த தலைமைக்கான விருது அவளுக்குத்தான் என்று அறிவித்தது. ஷீல்டோடும் பேனரோடும் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள்.

அது ஐப்பசி. மலையில் கொட்டோ கொட்டென்று கொட்டி, ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்துகொண்டிருந்த நேரம். ஏரி வழியும்போது மீனும் சேர்ந்து ஓடிவிடும் என்பதால் கலங்கலின் குறுக்கே வலை கட்டியிருந்தார்கள். வலையில் சருகும், கிழிந்த பாயும், ஒரு செத்த பாம்பும் மாட்டியிருந்தன. விருதுக்காரர்களுக்குக் கலங்கல் அருவி மாதிரி இருந்தது பிடித்துப்போயிற்று; படம் அங்கேதான் எடுக்க வேண்டும் என்றார்கள். வலைதான் அசிங்கமாக இருந்தது. ரெண்டே நிமிஷம் அவிழ்த்துவிட முடியுமா மேடம் என்று போட்டோக்காரர் கேட்டார்.

மேடம். பாப்பாத்தி தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தாள்.

ஊர்க்காரர் ஒருவரும் அங்கே இல்லை. விருதுக்காரர்கள் கோயில் திடலில் பிரியாணி போட்டிருந்தார்கள், ஊரே வரிசையில் நின்றது. வலை இருந்த இடத்தில் 'சிறந்த தலைமை' என்ற பேனரைக் கட்டினார்கள். அதன் முன்னால் நாலு விருந்தாளிகள், நடுவில் ஷீல்டோடு பாப்பாத்தி. ஷீல்டைக் கொடுப்பது போல ஒன்று, வாங்குவது போல ஒன்று, சிரிப்பது போல ஒன்று, இயல்பாக இருப்பது போல எட்டுப் பத்து என்று படம் எடுத்துக்கொண்டே போனார்கள். பிறகு ஒரு விருந்தாளி பெண்களும் தலைமையும் என்பது பற்றிப் பேசினார், அதையும் வீடியோ எடுத்தார்கள். பேனருக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கம்பெனி அறையில் மாட்டினார்கள். ஐந்து பேர் பல் தெரியச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், பேனருக்கு அடியில், கம்பெனியின் கட்லாவும் ரோகும் துள்ளித் துள்ளிக் கலங்கலைத் தாண்டி கீழ் ஊர் ஏரிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பார்த்தவர்கள் அத்தனை பேரும் பூரித்துப்போனார்கள். மீன் எவ்வளவு ஜாஸ்தியா இருந்தா இப்படித் துள்ளும் என்று வியந்தார்கள். அதிகமாகப் பூரித்தவர் ராஜாங்கம். அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, வரும் தையில் பாப்பாத்தியின் காலம் முடிகிறது, மறுபடியும் ஊருக்கு உழைக்கத் தான் தயார் என்று வீடு வீடாகப் போய்த் தோளில் கை போட ஆரம்பித்தார்.

மார்கழியில் பாப்பாத்தியும் சடையனும் யாருக்கும் சொல்லாமல் வீச்சுவலை போட்டுப் பார்த்தார்கள். விரல் நீள ஜிலேபிக் கெண்டைகளும் ஒரு செருப்பும் வந்தன. இடம் மாற்றிப் போட்டார்கள். அதே ஜிலேபிதான். சடையன் வலையைப் பிழிந்துகொண்டே யோசித்தான். அவன் அதிகம் பேசாதவன், பேசினால் கணக்காகப் பேசுவான்.

"கூட்டம் வரைக்கும் வாயத் தொறக்காத. ராஜாங்கம் வந்து குந்தட்டும். சித்திரையில வலைய இழுக்கறவன் அவன்தான? மீன் இல்லன்னா அவனத்தான கேப்பாங்க."

இதைவிட அழகான ஏற்பாடு ஒன்று இருக்க முடியாது. தானாகவே பாழுங்கிணற்றை நோக்கி வருகிறவரைத் தடுப்பது எந்த ஊர் நியாயம்? ஷீல்டும் இருக்கும், பெயரும் இருக்கும், டீக்கடையில் பழைய தலைவரம்மா என்று நாற்காலியும் கிடைக்கும். பாப்பாத்தி சரி என்றாள்.

தை மாதக் கூட்டத்தன்று வெயில் நன்றாக அடித்தது. உள்வாயில் ஜமக்காளம் விரித்து இரண்டு தெருவும் உட்கார்ந்திருந்தன. ராஜாங்கம் வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசையில் இருந்தார். கம்பெனி வேலைகளைப் பார்க்கும் தமிழ்மொழி என்ற பெண் எழுந்து, தலைவர் பதில் சொல்லப் போகிறார் என்று அறிவித்தாள். பாப்பாத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரியில் இறங்கினாள்.

கணுக்கால் நனைந்தது. கொஞ்சம் போனதும் முழங்காலுக்குக் கீழே வந்தது. ஜமக்காளத்திலிருந்து ராஜாங்கம், "இன்னும் போம்மா, கூச்சப்படாத, நல்லா உள்ள போ" என்று தாராளமாகக் குரல் கொடுத்தார். அங்கே போய் என்ன பேசுவது என்று அவள் யோசித்தாள். என்ன வேண்டுமானாலும் பேசலாம். தாலாட்டுகூடப் பாடலாம். எதற்கோ திரும்பிப் பார்த்தாள். ஊர் மொத்தமும் அதற்குள்ளாகவே கைதட்டத் தயாராகக் கைகளை மடியிலிருந்து எடுத்து வைத்திருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கைகள் மீது வந்த கோபமா தன் மீது வந்த கோபமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் சரியாக இடுப்புக்கு வந்தது.

ஜமக்காளத்தில் சலசலப்பு. நிற்கத்தான் வேண்டும், உட்காருவது முறையில்லை என்று ராஜாங்கம் எழுந்தார். முனியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய், குனிந்து சாணால் அளந்து பார்த்தார். இடுப்பு இருக்கிற இடத்தில் தண்ணீர் இருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். பாப்பாத்தி பேசினாள். சாதாரணக் குரல்தான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"ஏரியில மீன் இல்ல. எல்லாம் கலங்கல்ல பூடுச்சி. வலைய அவுத்தது நான்தான்."

யாரும் கைதட்டவில்லை. ஐந்து வருடத்தில் முதல்முறையாக அந்த ஏரியில் ஒரு கேள்வி பிறந்தது. பிறகு கேள்வியாகப் பிறந்துகொண்டே இருந்தது. எதற்கு அவிழ்த்தாய், யாரைக் கேட்டு அவிழ்த்தாய், இப்போது குஞ்சு விட்டால் சித்திரைக்குள் எந்த அளவு வளரும், மகளின் கல்யாணத்துக்கு இந்தப் பங்கைத்தான் நம்பியிருந்தேனே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சிலர் திட்டினார்கள். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள், திட்டை வாங்கிக்கொண்டாள். கடைசியில் முனியன் கேட்டார்.

"சொல்லாம இருந்திருந்தா ராஜாங்கத்து தலையிலதான விழுந்திருக்கும். இன்னாத்துக்கு சொன்ன?"

பாப்பாத்தி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"மீனு போவறத நான் பாத்தேங்க. போட்டோக்காரு ஆடாதீங்கன்னாரு. சிரிச்சிக்கினே நின்னுக்கினு இருந்தேன்."

தமிழ்மொழி கம்பெனி அறைக்கு ஓடிப்போய்ப் படத்தைக் கழற்றிவந்தாள். ஊர் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தது. நாலு விருந்தாளிகளும் கேமராவைப் பார்க்கிறார்கள். பாப்பாத்தியின் வாய் சிரிக்கிறது. கண் மட்டும் ஓரமாகத் திரும்பிக் கலங்கலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்று மாதமாகச் சுவரில் தொங்கிய படம். அத்தனை பேரும் மீனைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சற்று நேரம் கழித்துக் கூட்டத்தின் பார்வை மெல்ல ராஜாங்கத்தின் பக்கம் திரும்பியது. அவருடைய நான்கு வருடத்துக்கும் இதே மாதிரி உட்கார்ந்து பதில் சொல்லட்டும் என்று ஒரு குரல் வந்தது. அப்போதே சொல்லிவிட்டேனே என்றார் அவர். எனக்குக் கேட்கவில்லை என்று முன்வரிசையில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கும்தான் என்றார் பக்கத்தில் இருந்தவர். கடைசி வரிசை வரைக்கும் அந்த ஒப்புதல் போய்ச் சேர்ந்தது. தனக்கு முதுகுவலி, தண்ணீரில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ராஜாங்கம் வெள்ளை வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார். இந்தத் தடவை யார் தோளிலும் அவர் கை போடவில்லை.

புதுத் தலைவர் தண்ணீரில் இறங்கின பிறகுதான் பழையவர் ஏற வேண்டும் என்று அன்றைக்குப் புதிதாக ஒரு முறை வந்தது. இறங்க ஆளில்லை. தூரத்தில் நிற்பதென்றால் இரண்டு தெருவிலும் போட்டி இருந்திருக்கும். காது கேட்கிற தூரத்தில் உட்காருவதென்றதும் ஆளாளுக்கு மாடு கட்டும் வேலை ஞாபகம் வந்தது. பாப்பாத்தி உட்கார்ந்தே இருந்தாள். சடையன் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் டீ கொடுத்துவிட்டு வந்தான். வெயில் சாய்ந்து அவளுக்கு உதடு நடுங்க ஆரம்பித்தபோது முனியன் சொன்னார்.

"நீயே இரும்மா. திட்டணும்னா ஆள் எங்க இருக்குதுன்னாவது எங்களுக்குத் தெரியும்."

ஊர் ஒத்துக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை போட்டது. அந்த ஷீல்டு கனமானது, பித்தளை. அதைக் கலங்கல் வலையின் அடிக்கயிற்றில் எடைக்குக் கட்ட வேண்டும். பாப்பாத்தியே கட்டினாள். இன்றைக்கும் அது தண்ணீருக்குள் கிடந்து வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கொடுத்தவர்கள்கூட அதனிடம் இவ்வளவு உபயோகத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சித்திரைப் பங்கு ரொம்பக் கம்மி. கீழ் ஊர்க்காரர்கள் அந்த வருடம் அமர்க்களமாக மீன் பிடித்து, மரியாதைக்கு ஒரு கூடை கட்லாவை அனுப்பிவைத்தார்கள். அதைத் தின்னும்போது ஊர் அவளை இன்னொரு சுற்றுத் திட்டியது. டீக்கடை நாற்காலி உள்ளே போய்விட்டது. பாப்பாத்தி பழையபடி நின்றுகொண்டே டீ குடிக்கிறாள். அந்த ஆசை முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டால், நாற்காலி இருந்த இடத்தை அவள் இன்னமும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளாஸை வாங்குகிறாள்.

மழைக்காலத்தில் யாராவது கேமராவோடு ஊருக்கு வந்து, கலங்கலில் வைத்துத் தலைவரம்மாவை ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்பதுண்டு. அவள் மறுப்பதில்லை. வந்து நிற்பாள். கொஞ்சம் இப்படிப் பாருங்கம்மா, ஒரே ஒரு தடவை சிரிங்கம்மா என்று அவர்கள் கெஞ்சுவார்கள். அவள் திரும்பமாட்டாள். இப்போது கம்பெனி அறையில் இருக்கிற படங்கள் எல்லாவற்றிலும் வலை தெரிகிறது, அதைப் பார்த்து நிற்கிற பாப்பாத்தியின் முதுகு தெரிகிறது.