பந்தயத்தை விட்டுத் திரும்பியவள்

2008-ம் வருடம். சிதம்பரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டே, தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் சேர்ந்து பாய்மரப் படகு ஓட்டப் பழகியிருந்தேன். கடலூர் முதுநகரில், உப்பனாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குப் போட்டி வைத்தார்கள்.

அம்மா புவனகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். பார்க்கிற ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை, தீர்ப்புச் சொல்லத்தான் வந்தாள். சுனாமியில் தன் தம்பியைப் பறிகொடுத்த பிறகு அவள் கடற்கரைப் பக்கமே போனதில்லை. “ஒரு தடவ கண்ணால பாக்குறேன். ஆபத்துன்னு தெரிஞ்சுதுன்னா அன்னைக்கோட நிறுத்திப்புடணும்” என்பது ஒப்பந்தம். “படகு கவுறதெல்லாம் இதுல சகஜம்மா, நிமித்திட்டு ஏறிடுவோம்” என்று நானும் முன்கூட்டியே பாடம் நடத்தி வைத்திருந்தேன்.

கடைசிச் சுற்றில் நானும் என் தோழியும் ஓட்டிய படகு முன்னால் போனது. புதுச்சேரிப் பெண் ஒருத்தியின் படகு எங்களை ஒட்டியே வந்தது. காற்று சட்டென்று திசை மாறி அடித்ததில் கவிழ்ந்தோம். தோழி நீந்தி வெளியே வந்துவிட்டாள். என் கால் கயிற்றில் சிக்கிக்கொண்டது, நனைந்த பாய் தலையை மூடிக்கொண்டது. மாமாவும் இப்படித்தான் போயிருப்பார் என்று தோன்றியது. மீட்புப் படகோ அந்தக் கோடியில் நின்றது. எங்களைத் தாண்டிப் போய்விட்ட புதுச்சேரிப் பெண், தோழி போட்ட கூச்சலைக் கேட்டுத் திரும்பி வந்தாள். படகைத் தன் கூட்டாளியிடம் விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்து என் காலை விடுவித்தாள். ஜெயிக்க வேண்டியவள் கடைசியாகக் கரை சேர்ந்தாள்.

கரையில் விசாரணை நடந்தது. ஆபத்தில் இருப்பவருக்கு உதவப் போய்ப் பின்தங்கினால், இழந்த இடத்தைத் திருப்பித் தருவது இந்தப் போட்டியில் வழக்கம். ஆனால் நிஜமாகவே ஆபத்துதானா என்று கேட்பார்கள். “நீங்களே சமாளிச்சிருப்பீங்களாம்மா?” என்று என்னைக் கேட்டார் நடுவர்.

அம்மா இரண்டடி தள்ளி டிபன் பையோடு நின்றிருந்தாள். படகு கவிழ்ந்தபோதுகூட அவள் பதறவில்லையாம். என் பாடத்தை அப்படி நம்பியிருந்தாள் பாவம். சமாளித்திருப்பேன் என்று சொன்னால் போதும், நான் தொடர்ந்து படகு ஓட்டலாம். என்னைக் காப்பாற்றியவளோ எங்கேயோ பார்த்தபடி தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

“இல்ல சார். இவுங்க வரலன்னா நான் செத்திருப்பேன்” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

முதல் பரிசு அவளுக்குப் போனது. திரும்பும் பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

“அந்தப் பொண்ணு கவுந்திருந்தா நீ திரும்பிப் போயிருப்பியா?” என்று ஆலப்பாக்கம் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

“போயித்தாம்மா ஆகணும். இதுல அதான் மொத சட்டம்.”

“சட்டம் கெடக்கட்டும். நீ போயிருப்பியா?”

“போயிருப்பேன்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: “என் தம்பிக்கு அன்னைக்கித் திரும்பி வர ஒரு ஆளு இல்ல. நீ ஓட்டு. யாராச்சும் கவுந்து கெடந்தா மட்டும் தாண்டிப் போயிடாத.”

அதற்குப் பிறகு நான் எந்தப் போட்டியிலும் முதலாவதாக வந்ததில்லை. ஆனால் நல்ல காற்று கிடைத்து வேகமாகப் போகும்போதெல்லாம் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அம்மா என்னைத் தண்ணீருக்கு அனுப்பியது அதற்காகத்தான்.