இரண்டு அடுப்புக்கு நடுவே ஒரு பீப்பாய்

மற்ற அம்மாக்கள் காலையில் எழுந்ததும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் முதலில் கைபேசியைத் திறந்து கச்சா எண்ணெய் விலையைப் பார்ப்பேன். நெற்றி அதற்கு அப்புறம்தான். விலை இறங்கியிருந்தால் எனக்குக் காய்ச்சல். ஏறியிருந்தால் என் மாமியாருக்குக் காய்ச்சல். இருவருக்கும் ஒரே நாளில் உடம்பு நன்றாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

என் கணவர் வளைகுடாவில் இருந்தார். எண்ணெய் சேமிக்கும் பெரிய தொட்டிகளைக் கட்டித்தரும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சேஃப்டி ஆபீசர். பீப்பாய் நல்ல விலைக்குப் போனால் அந்த நாட்டுக்காரர்களுக்குப் புதுத் தொட்டி கட்டத் தோன்றும். சரிந்தால், இருக்கிற தொட்டியே போதும் என்ற ஞானம் வந்துவிடும். என் மாமியாரோ பள்ளத்தூரில், நாங்கள் இருக்கும் அதே வீட்டின் பின்கட்டில், கல்யாணச் சீருக்கு முறுக்கும் சீடையும் மாவுருண்டையும் செய்து கொடுக்கிறார். மாமனார் காலமான பிறகு அவராகவே ஆரம்பித்த தொழில். பெரிய சிலிண்டர், காரைக்குடிக்குச் சரக்கு கொண்டுபோகும் வேனுக்கு டீசல், பலகாரம் அடைக்கும் பிளாஸ்டிக் டப்பா எல்லாமே பீப்பாய் அசைந்தால் கூடவே அசைபவை.

ஆக, எண்ணெய் விற்று வாழும் நாடும் எண்ணெய் வாங்கி வாழும் நாடும் எங்கள் வீட்டில் ஒரே நிலைவாசல் வழியாகத்தான் போய்வந்தன.

நாடு என்று நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் சமூக வழக்கப்படி கல்யாணமான மகனுக்குத் தனி அடுப்பு. இதற்கு ‘வேறு வைப்பது’ என்று பெயர். சண்டை போட்டுப் பிரிவதல்ல. நல்ல நாள் பார்த்து, மாமியாரே பாத்திரம் பண்டம் அரிசி பருப்பு எல்லாம் கொடுத்து, அதே வீட்டில் பக்கத்து அறையில் மருமகளை அடுப்புப் பற்றவைக்கச் சொல்வது. அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். கூரை ஒன்று, அடுப்பு இரண்டு, நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன குழம்பு என்று கேட்கலாம். என்ன வருமானம், சாமியிடம் என்ன வேண்டுதல் என்றெல்லாம் கேட்கக்கூடாது. நான் ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தால் அந்தக் கிண்ணம் இரண்டு முறுக்கோடு திரும்பி வரும். வர்த்தகச் சமநிலை. எங்கள் ஐந்து வயது மகளுக்கு மட்டும் எல்லை கிடையாது. இட்லி இந்த நாட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சட்னிக்கு அந்த நாட்டுக்குப் போய்விடுவாள்.

நான் பொருளாதாரத்தில் முதுகலை. அதனால் எனக்கு எதிலும் இரண்டு பக்கமும் தெரியும், எந்தப் பக்கம் நிற்பது என்று மட்டும் தெரியாது. உலக நிபுணர்கள் எழுதும் அறிக்கைகளை மகள் பள்ளிக்குப் போன பிறகு உட்கார்ந்து படிப்பேன். எண்ணெய் விற்கும் நாடுகளின் மீட்சியைப் பற்றி அவர்களுக்கு எச்சரிக்கை கலந்த நம்பிக்கை இருக்கும். எண்ணெய் வாங்கும் நாடுகளைப் பற்றி நம்பிக்கை கலந்த எச்சரிக்கை இருக்கும். என் பிரசவத்தன்று டாக்டரும் இப்படித்தான் பேசினார். ஆனால் அவர் கடைசியில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்.

மாமியாருக்கு இந்தப் படிப்பின் மேல் ஒரு கண் எப்போதும் உண்டு.

“ஏத்தா, ஒம் படிப்பு என்ன சொல்லுது? ஏறுமா, இறங்குமா?”

“ரெண்டுக்கும் வாய்ப்பிருக்கு அயித்தை.”

“இதைச் சொல்லவா ஒன்னைய ரெண்டு வருசம் கூடப் படிக்க வச்சாக? இங்க முறுக்குச் சுத்த வர்றவளைக் கேட்டாக்கூட ஒண்ணைச் சொல்லிப்பிடுவா, தப்பாவாச்சும்.”

எனக்குக் காய்ச்சல் முற்றியது, கணவரின் ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் விலை தொய்ந்து கிடந்தபோது. புதுப்பித்தால் குடும்ப விசா தருவார்கள், நானும் மகளும் அங்கே போகலாம். புதுப்பிக்காவிட்டால் அவர் வேலையில்லாமல் இங்கே வருவார். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய வருடம். பள்ளியில் இடத்தை உறுதி செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சீருடைத் துணியை வாங்கினேன். தைக்கக் கொடுக்கவில்லை. அங்கே போனால் அந்த வெயில் பிள்ளைக்கு ஆகுமா என்று கவலைப்பட்டேன். வெயிலைப் பற்றிக் கவலைப்படப் பள்ளத்தூர்க்காரிக்கு என்ன யோக்கியதை என்று அடுத்து யோசித்தேன். இதற்கு நடுவில் பள்ளியில் அப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்டதற்கு மகள், “எங்க அப்பச்சி போன்ல இருக்காக” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வகுப்பாசிரியை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன், வீட்டுக்கு வரும்வரை.

ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து என் அடுப்படிச் சாமி மாடத்தில் வைத்தேன். அரியக்குடிப் பெருமாள் கோயில் மதில் மூலையில் இருக்கும் கருடனுக்குச் சிதறுகாய் உடைப்பதாக வேண்டுதல். வேண்டிக்கொள்வதில்தான் சிக்கல் வந்தது. விலை ஏற வேண்டும். ஆனால் தாறுமாறாக ஏறக்கூடாது, ஏறினால் வாங்குகிற நாடுகள் தளர்ந்து, வாங்குவதைக் குறைத்து, விலை மறுபடி சரியும். ஆகவே நிதானமாக, தேவை கூடுவதன் காரணமாக, நம் ரூபாய்க்குச் சேதமில்லாமல்... கருடனுக்கே கொட்டாவி வந்திருக்கும். சுருக்கமாக, ‘விலை ஏறணும்’ என்று மட்டும் சொல்லி முடிச்சைப் போட்டேன். அந்தச் சுருக்கம்தான் வினையாயிற்று.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் மகள் முற்றத்தில் கடை விரித்து விளையாடிக்கொண்டிருந்தாள். புளியங்கொட்டை, சொப்பு, ஒரு சீடை, அதோடு இரண்டு மஞ்சள் முடிச்சு.

“ரெண்டு ஏதுடா?” என்றேன்.

“ஒண்ணு நம்ம சாமிக்கிட்ட இருந்துச்சு. ஒண்ணு அப்பத்தா சாமிக்கிட்ட இருந்துச்சு.”

கையில் மாவோடு மாமியார் வந்து நின்றார். ஒரே கடைத் துணி, ஒரே மாதிரி முடிச்சு, ஒரே நாணயம். எது யாருடையது என்று பெருமாளே வந்தாலும் சொல்ல முடியாது. கேட்கக்கூடாததைக் கேட்டே ஆகவேண்டியதாயிற்று.

“ஒனக்கென்னத்தா வேண்டுதல்?”

“கச்சா எண்ணெய் விலை ஏறணும்னு, அயித்தை.”

“ஏறணும்னா?”

“ஏறுனாத்தானே அவுக கம்பெனிக்கு வேலை வரும். உங்களுக்கு?”

மாமியார் கையிலிருந்த மாவை ஒரு தடவை பார்த்தார். “இறங்கணும்னு.”

“சிலிண்டருக்கா?”

“சிலிண்டர் கெடக்கு, கழுதை. கம்பெனிய இழுத்து மூடுனாகன்னா பய வீடு வந்து சேருவான்ல?”

எனக்குச் சுரீர் என்றது. என் புருஷனுக்கு வேலை போகவேண்டும் என்று என் வீட்டுக்குள்ளேயே, ஒரு சுவர் தள்ளி, விளக்கேற்றி வேண்டுதல் நடந்துகொண்டிருந்திருக்கிறது! ஏதாவது கடுமையாகச் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“மொறைக்காத. நீ விலை ஏறணும்னு வேண்டுனியே, ஏறி, அவன் இன்னும் ரெண்டு வருசம் அங்கயே கெடக்கணும்னு ஒனக்கு ஆசையா?”

“நாங்களும் போவோம்ல அயித்தை.”

“போகணும்னு இருக்கா?”

இரண்டுக்கும் வாய்ப்பிருக்கிறது என்று சொன்னால் அடிப்பார். மகள் இரண்டு முடிச்சையும் நீட்டி, “எது வேணும்? சீக்கிரம் வாங்குங்க, கடையைச் சாத்தணும்” என்றாள். ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டோம். யாருடைய வேண்டுதல் யாருடைய மாடத்துக்குப் போயிற்று என்று இன்றுவரை தெரியாது.

பிறகு எங்கோ கடல்வழியில் கப்பல்களுக்குத் தகராறு என்று செய்தி வந்தது. விலை ஏறியது. நான் கேட்ட நிதானமெல்லாம் இல்லை, சுருக்கமாகச் சொன்னதைச் சொன்னபடி செய்துகொடுத்தார் கருடன். கடைகளுக்கான சிலிண்டர் விலை மறுவாரமே ஏறியது. அதுவரை விலை தொய்ந்து கிடந்த மாதங்களில் அது இறங்கியதா என்றால், இறங்கவே இல்லை. ஏறும்போது உலகத்தோடு ஒட்டி ஏறுவதும், இறங்கும்போது உள்நாட்டுக் காரணங்களுக்காக அப்படியே நிற்பதும் அதன் சுபாவம். மாமியார் வேன்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். நான் சீருடைத் துணியைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, குடும்ப விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். அப்போதுதான் கணவர் வீடியோவில் கூப்பிட்டார்.

“புதுப்பிக்கலையாம்” என்றார்.

“என்ன சொல்றீக? விலைதான் ஏறிருச்சே!”

“ஏறிருச்சு. ஏறுன காசுல தொட்டி கட்டலையாம். கடற்கரையில ஓட்டல் கட்டப்போறாகளாம், வெளையாட்டு மைதானம் கட்டப்போறாகளாம். எண்ணெய் இல்லாத காலத்துக்கு இப்பவே தயாராகுறாக.”

“ஓட்டலுக்கு சேஃப்டி ஆபீசர் வேண்டாமா?”

“அது வேற கம்பெனி, வேற ஆளுக.” அதே மூச்சில், “பின்னால பிள்ளை ஸ்டூல் மேல நிக்கிறா பாரு, இறக்கி விடு” என்றார். வேலை போன நிமிடத்திலும் அவர் சேஃப்டி ஆபீசர்தான்.

அந்த அறிக்கைகளில் இது இருந்தது. எண்ணெய் நாடுகள் வேறு வருமானத்துக்கு மாறவேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தார்கள். நான் அதைப் படித்துவிட்டு, நல்ல யோசனைதான் என்று தலையாட்டியிருக்கிறேன். உலகத்திலேயே எண்ணெயை நம்பாதவர்கள் இரண்டே பேர். ஒன்று அந்த அரசாங்கம், இன்னொன்று என் மாமியார். நம்பி உட்கார்ந்திருந்தவள் நான்.

பின்கட்டுக்குப் போய்ச் சொன்னேன். மாமியார் முதலில் அடுப்பைத் தணித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் எது வியர்வை, எது வேறு என்று கண்டுபிடிக்க முடியாது.

“வரட்டும்” என்றார். சட்டியிலிருந்த முறுக்கை அரித்தெடுத்துவிட்டு, வேண்டிக்கொண்டவரே கேட்டார்: “அது சரி, நீங்க ரெண்டு பேரும் பொழப்புக்கு என்ன பண்ணப்போறீக?”

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. இப்போது அவருக்குக் காய்ச்சல். எனக்கோ கிடைக்கவில்லை. ஆனால் அன்று என் அடுப்படிக்குத் திரும்பி, அரிசியை மூன்று பேருக்கு அளந்து போட்டுவிட்டு, கணவர் இன்னும் கிளம்பவே இல்லையே என்று ஒரு பிடியைத் திரும்ப எடுத்தேன். பிறகு அதையும் போட்டுவிட்டேன். சீருடைத் துணியை எடுத்துத் தையற்கடைக்குக் கொண்டுபோனேன்.

அவர் வந்திறங்கிய அன்று மகள் அவரை ஒரு பார்வை, என் கைபேசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். இரண்டு அடுப்பிலும் சமையல் நடந்திருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. இங்கே ஒரு முறை, அங்கே ஒரு முறை என்று முழுச் சாப்பாடு இரண்டு சாப்பிட்டார் மனிதர். எந்தப் பாதுகாப்பு விதியும் அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. சில நாள் கழித்து வீட்டிலிருந்த பழைய காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வந்து, “பகல் கொள்ளையா இருக்கு! இது எப்பத்தான் இறங்கும்?” என்று என்னிடம் கேட்டார். அத்தனை வருடம் அது ஏறவேண்டும் என்று காத்திருந்தவர். ஒரே டேங்க்கில் நாடு மாறிவிட்டார். நானும் மறுநாள் காலை கைபேசியைப் பார்த்தபோது விலை சற்று இறங்கியிருந்தது. நிம்மதியாக இருந்தது. இறங்கினால் நிம்மதி என்பது எனக்குப் புதிதாக இருந்ததால், தப்போ என்று இன்னொரு தடவை பார்த்தேன்.

வேண்டுதலை யார் செலுத்துவது என்பதில் வழக்கு வந்தது. விலை ஏறியது, ஆகவே நான் உடைக்கவேண்டும். மகன் வந்துவிட்டான், ஆகவே மாமியார் உடைக்கவேண்டும். “நான் கேட்டது வெல எறங்க. எறங்கல. ஆனாக் குடுக்க வேண்டியதக் குடுத்துட்டாக” என்றார் மாமியார். எனக்கு நேர்மாறு. கேட்டது கிடைத்தது, கிடைக்கவேண்டியது கிடைக்கவில்லை. கடைசியில் எல்லோருமாக அரியக்குடி போய் ஆளுக்கு ஒரு காய் உடைத்தோம். தேங்காய்ச் சில்லு தெறிக்கும், தள்ளி நில்லுங்கள் என்று கணவர் எங்களை அப்புறப்படுத்திக்கொண்டே இருந்தார்.

காரில் திரும்பும்போது அவர் தன் யோசனையைச் சொன்னார். அங்கே அவரோடு அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அம்மா அனுப்பும் முறுக்குக்கு அலைவார்களாம். நம் ஊர்க்காரர்கள் அங்கே ஏராளம். முறையாக அடைத்து, அனுமதி வாங்கி, அந்த நாட்டுக்கே அனுப்பினால் என்ன? டப்பா, சுத்தம், பாதுகாப்பு எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். ஏற்றுமதிக் காகிதங்களை நான் பார்க்கவேண்டும். “ஒம் படிப்புக்கு இப்பவாச்சும் ஒரு வேலை” என்று முன்சீட்டிலிருந்து மாமியார் சொன்னார். ஊருக்குள் நுழையும்போது என் பக்கம் திரும்பினார்.

“ஏத்தா, அங்கிட்டு இருக்கவுக கையில காசு இருந்தாத்தானே முறுக்கு வாங்குவாக?”

“ஆமா அயித்தை.”

“அப்ப அங்க விலை ஏறணும்.”

“ஆமா.”

“இங்கிட்டு நம்ம சிலிண்டருக்கு இறங்கணும்.”

“ஆமா அயித்தை.”

“அப்ப இனிமே நான் என்னன்னு முடிஞ்சு வைக்க?”

என் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை அப்படியே விழுங்கினேன்.