செங்கோட்டையனுடைய தோட்டாக்களின் நல்ல நேரம்

நாமக்கல் பக்கத்தில் ஆறு ஏக்கர் கடலைக்காட்டுக்குச் சொந்தக்காரரான செங்கோட்டையன் ஒன்பது வருஷமாகத் தவத்தில் இருந்தார். சீமைத் தோட்டா வரத்து நின்றுபோன பிறகு, முறைப்படி அனுமதி வாங்கி, தன் ரைஃபிளுக்குத் தானே தோட்டா அடைத்தார். என்றைக்குச் சுட்டாலும் ஐந்து குண்டும் ஒரே இடத்தில் பாய வேண்டும், அவ்வளவுதான் வரம். கடவுள் இதைவிடப் பெரியதையெல்லாம் சாதாரண ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

வெடிமருந்தை ஆசாரியின் பொன் தராசில் நிறுத்தார். தட்டு ஆடக்கூடாதென்று மின்விசிறியை அணைத்தார்; பிறகு மனைவி வசந்தாமணியை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"நான் வெளிய போயி மூச்சு உட்டுட்டு வாரனுங்க. நீங்க நிறுத்து முடிச்சாக் கூப்புடுங்க" என்று அவள் எழுந்து போவாள்.

முந்நூறு கஜத்தில் மண்மேட்டின் முன் பலகை நின்றது. ஒரு நாள் ஐந்து குண்டும் சேர்ந்து மேலே ஏறின. மறுநாள் சேர்ந்து கீழே இறங்கின. மருந்தை மாற்றினார், ஈயத்தை மாற்றினார், மூக்குக்கண்ணாடியை மாற்றினார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சுமாராக வந்ததால், அந்த நாளுக்கேற்ப ரைஃபிளின் மேலிருந்த குறித் திருகாணியைத் திருகி வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் நாள், நேரத்தோடு நோட்டில் எழுதினார்.

அந்தக் கார்த்திகையில் சேலத்து கிளப்பில் தேர்வு. மதராஸ் போட்டிக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள். ஐம்பது வயதானவரைச் சேர்க்க மாட்டார்கள். செங்கோட்டையனுக்குத் தையில் ஐம்பது.

ஞாயிறு காலையில் வைத்த தேர்வு மழையால் தள்ளிப்போய் மாலை நாலரைக்கு வந்தது. காத்திருந்த நேரத்தில் கிளப் செயலாளர் கரீம் பாஷா செங்கோட்டையனின் நோட்டைப் புரட்டினார்.

"அண்ணே, திங்கக்கிழமை விடிகாலை, செவ்வாய் பத்தரை, வெள்ளி உச்சி வெயில். ஏன் இப்படி மாத்தி மாத்திச் சுட்டீங்க?"

"நல்ல நேரம் பாக்காம நெருப்பு வெக்கறதுங்களா பாய்?"

கரீம் பாஷா நோட்டை மெல்ல மூடினார். "வெயில்ல காஞ்ச மருந்து துள்ளும், குண்டு மேல ஏறும்; குளிர்ந்த மருந்து சோம்பும், குண்டு கீழ இறங்கும். உங்க தோட்டா ஒன்பது வருஷமா ஒழுங்காத்தான் இருந்திருக்கு. நீங்கதான் பஞ்சாங்கத்தைச் சுட்டுட்டு இருந்தீங்க."

செங்கோட்டையன் மழை ஈரத்தில் குளிர்ந்திருந்த தோட்டாவைத் தொட்டுப் பார்த்தார். "இப்பக் குளுருதுங்களே. குறிய எத்தன ஏத்தோணும்?"

"குளிர்ற நாள்ல ஞாயித்துக்கிழமை நாலரைக்குச் சுட்டது எந்தப் பக்கத்துல இருக்கு?"

எந்தப் பக்கத்திலும் இல்லை. ஞாயிறு நாலரை ராகு காலம். ஒன்பது வருஷத்தில் அந்த நேரத்தில் அவர் துப்பாக்கி உறையைக்கூடத் தொட்டதில்லை.

குத்துமதிப்பாகத் திருகினால் தவம் கெட்டுவிடும். திருகாமலே படுத்துச் சுட்டார்.

ஐந்து குண்டும் ஒரு எலுமிச்சம்பழத்தில் அடங்குகிற மாதிரி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பாய்ந்திருந்தன; கறுப்பு வட்டத்துக்கு ஒன்றரைச் சாண் கீழே, வெறும் பலகையில். கிளப்பில் அப்படி ஒட்டிப் பாய்ந்த குண்டுகளை யாரும் கண்டதில்லை. பார்க்க எல்லோரும் ஓடினார்கள். பார்த்துவிட்டு, பூஜ்யம் என்று எழுதினார்கள்.

"சுத்தமான தோட்டாண்ணே" என்றார் கரீம் பாஷா. பூஜ்யத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது.

வீட்டு வாசலில் வசந்தாமணி கேட்டாள்: "என்னாச்சுங்க?"

"அஞ்சும் ஒரே எடத்துல பாஞ்சுது."

ஒன்பது வருஷம் கேட்ட வரம் அதுதானே. அவள் முகம் மலர்ந்தது. வேலியோரம் ஓடி, பக்கத்துக் காட்டு ராமாத்தாளைக் கூவி அழைத்து, மதராஸ் போகும் விவரத்தைச் சொல்லத் தொடங்கினாள். தடுக்கப் போன செங்கோட்டையன் பாதியில் திரும்பி உள்ளே போனார். நோட்டை எடுத்து, ஞாயிறு நாலரை, குளிர், ஒன்றரைச் சாண் கீழே என்று எழுதினார்.