கடைசி வரிசை நாற்காலி

போன வாரம் ஸ்ரீ சிட்டியில் எங்கள் கம்பெனி விழாவுக்கு யாரோ பெரியவர் வருகிறார் என்று நாற்காலிகளுக்கு வெள்ளைத் துண்டு போர்த்தினார்கள். புதுத் துண்டின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டியது. "மாசமா கீறியா?" என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள். இந்த வயதில் எங்கே! எனக்கு வந்தது சித்தூர் ஞாபகம்.

இப்போது நாங்கள் திருப்பதி ஜில்லா. அப்போது எல்லாவற்றுக்கும் சித்தூர்தான் போகவேண்டும். நாகலாபுரம் பக்கம் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த அம்மா, எங்கள் ஜனங்களில் ஒரு பெண்ணுக்கு என்று இடம் ஒதுக்கினதில் மண்டலத் தலைவர், தமிழ்நாட்டில் ஒன்றியத் தலைவர் மாதிரி, ஆகிவிட்டாள். தெலுங்கு பேசுவாள், படிக்க வராது. கூட்டங்களுக்கு நானும் கூடப் போவேன். நானே ஜெயித்த மாதிரி ஒரு நடை வேறு.

அந்தக் கோடையில் காலனி போர்வெல்லில் கலங்கல் தண்ணீர். வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் சின்னப் பையன் திருப்பதி ஆஸ்பத்திரியில். பெரிய பெண்ணைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பக்கூட அவளுக்கு வழியில்லை. சித்தூரில் ஜில்லா பரிஷத் கூட்டத்துக்கு மந்திரி வருகிறார் என்றதும் அம்மா கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கே லாரித் தண்ணிக்குச் சொல்லிட்டு வரேன்டி."

அங்கே முன்வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் கஞ்சி வாசனையோடு வெள்ளைத் துண்டு; அம்மாவுக்குக் கடைசி வரிசை. பேச்சும் பதவி வரிசைப்படிதான். மந்திரி, எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், அதிகாரிகள், எல்லாருக்கும் அப்புறம்தான் மண்டலத் தலைவர்கள். ஒருவர் இன்னொருவருக்கு நன்றி சொல்லியே மத்தியானமாகிவிட்டது. மந்திரி கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா எழுந்துவிட்டாள்.

"சார், எங்க காலனில கொழந்தைங்க..."

"கூர்ச்சோம்மா" என்றார் ஓர் அதிகாரி. உட்காரச் சொல்கிறார். "உங்க முறை இன்னும் வர்ல."

"முறை வர்றதுக்குள்ள செத்துப்பூடும் சார்!"

மைக் அவள் கைக்கு வரவேயில்லை. மந்திரி எழுந்தார், வரிசைப்படி எல்லாரும் எழுந்தார்கள். அம்மா செருப்பை விட்டுவிட்டு, கொதிக்கிற சிமெண்டுத் தரையில் கார் வரைக்கும் ஓடினாள். கண்ணாடி இறங்கவில்லை. நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்படியே திருப்பதிக்கு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் கன்னியம்மா ஓடி வந்தாள். "சொல்லிட்டியாக்கா?"

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சின்னவன் பிழைத்துக்கொண்டான். வீட்டில் அதே தண்ணீரைக் குடித்த பெரியவள் அந்த வாரமே போய்விட்டாள். பிறகு லாரி வந்தது.

கன்னியம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அதுவரை "அக்கா, பேன் பாரேன்" என்று உரிமையாய்த் தலையை நீட்டுகிறவள் அவள். அம்மாவின் பதவி போய்ப் பல வருஷமாகிவிட்டது. காலனிக்குக் குழாயும் வந்துவிட்டது. கன்னியம்மா மட்டும் இன்றைக்கும் தெருவில் அம்மாவைப் பார்த்தால் ஓரமாய் ஒதுங்கி நின்று, "வணக்கம் மேடம்" என்கிறாள்.