தோசை என்றால் சட்னி

என் முதல் விசாரணைக்கு நான்கு நாள் இருந்தபோது, மகளின் விளையாட்டுப் பள்ளியில் என் மாமனாரை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அப்படிச் செய்யச் சொல்லி வைத்திருந்தது நான்தான்.

நான் காப்புரிமை முகவர். சென்னை அலுவலகம் ஒன்றுக்குச் சங்கரன்கோவில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஒருவர் கண்டுபிடித்ததைச் சட்ட மொழியில் எழுதி விண்ணப்பிப்பதும், காப்புரிமை அலுவலகத்தின் ஆட்சேபனைகளுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. இதுவரை எழுத்தில்தான் பதில் சொல்லியிருந்தேன். இந்த முறை அதிகாரி முன் காணொளியில் நானே வாதாட வேண்டும் என்று மூத்தவர் சொல்லிவிட்டார்.

விண்ணப்பதாரர் கடையநல்லூரில் செல்போன் கடை வைத்திருப்பவர். அவர் கடைக்கு வருகிறவர்கள், வந்த ஓடிபியை ஊருக்கே கேட்கும்படி வாசிப்பார்களாம். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. போனில் 4726 என்று வந்தால் அதை அப்படியே அடிக்கக் கூடாது. முன்கூட்டியே பதிந்துவைத்த விதிப்படி மாற்றி அடிக்க வேண்டும். கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டுவது விதி என்றால் 4727. ஒட்டுக் கேட்டவனுக்கு விதி தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை. ஆனால் ஆய்வறிக்கை ஒரே போடாகப் போட்டது. ஒன்றைக் கூட்டுவது பயனர் மனதுக்குள் செய்கிற வேலை, மனதால் செய்யும் முறைக்குக் காப்புரிமை கிடையாது என்றது. நான் எழுதிய மூன்று பக்கப் பதிலை அவர்கள் ஏற்கவில்லை. விசாரணையிலும் தோற்றால் விண்ணப்பம் தள்ளுபடி. நான் எழுதியதுதான் சரியில்லையோ, வேறு யாராவது எழுதியிருந்தால் பிழைத்திருக்குமோ என்று குழம்பிக்கொண்டே இருந்தேன்.

இதற்கிடையில் எங்கள் ஊர்க் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கியது. ஊர் முழுக்கத் தெரியாத முகங்கள். மகளுக்கு மூன்று வயது. யாராவது வந்து 'நான்தான் மாமா' என்று கூட்டிப் போய்விட்டால் என்ற நினைப்பு என்னை விடவில்லை. கடைக்காரரின் முறையையே பள்ளிக்குக் கொண்டுபோனேன். தினமும் காலையில் குடும்பக் குழுவுக்கும் டீச்சருக்கும் ஒரு சொல் அனுப்புவேன். அழைக்க வருகிறவர் அதைச் சொல்லக் கூடாது, அதன் ஜோடியைச் சொல்ல வேண்டும். பூட்டு என்று வந்தால் சாவி, ஊசி என்று வந்தால் நூல். அனுப்பிய சொல்லையே ஒருவர் சொன்னால், போனை எட்டிப் பார்த்த ஆள் என்று பொருள். உடனே கதவைப் பூட்டி என்னைக் கூப்பிட வேண்டும். டீச்சர் சிரிக்காமல் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

வழக்கமாக என் கணவர்தான் அழைத்து வருவார். அன்று அவருக்கு வேலை முடியவில்லை, மாமா போனார். முப்பது வருடம் தறிச் சத்தத்தில் வேலை பார்த்ததில் அவருக்குக் காது மந்தம். நான் விளக்கியபோது தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

டீச்சர் போனில் கூப்பிட்டார். "அக்கா, உங்க மாமா வந்திருக்காவ. தோசைன்னு சொல்லுதாவ. அவுகள எனக்கு நல்லாத் தெரியும். ஆனாலும் நீங்க சொன்னபடி கதவப் பூட்டிட்டேன். என்ன செய்யட்டும்?"

பின்னால் மாமாவின் குரல் தெருவுக்கே கேட்டது. "அவ அனுப்புனதத்தான சொல்லுதேன். தோசைன்னா தோசைதான? பூரின்னா சொல்லணும்?"

உள்ளே ஜன்னலில் நின்று என் மகள் கத்தினாள். "சட்னி சொல்லு தாத்தா, சட்னி!"

நான் ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளைகளை அழைக்க வந்த அம்மாக்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "நல்லா வச்சம்மா காவலு" என்று ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் உறைத்தது. மாமா மனதுக்குள் எதையுமே மாற்றவில்லை. அப்படியும் முறை வேலை செய்தது. வேலை செய்தவர் டீச்சர். வேறு ஏதாவது தவறான சொல்லைக் கேட்டிருந்தால் 'இல்லை' என்று மட்டும் சொல்லியிருப்பார். தோசை என்ற அந்த ஒரு தவறைக் கேட்டதும் பூட்டினார், கூப்பிட்டார். வங்கியின் சர்வர் செய்ய வேண்டியதும் அதுதான். அனுப்பிய எண்ணே திரும்பி வந்தால் அது வெறும் தவறு இல்லை, திருட்டு முயற்சி. அதைப் பிரித்தறிந்து கணக்கை நிறுத்துவது யாருடைய மனமும் இல்லை, இயந்திரம்.

ஆனால் இது முதல் விண்ணப்பத்திலேயே இருந்தாக வேண்டும். புதிதாகச் சேர்க்கச் சட்டம் இடம் தராது. மகளுக்குச் செருப்பைக்கூடக் கழற்றிவிடாமல் கோப்பைத் திறந்தேன். பதினோராம் பக்கத்தில் இருந்தது. 'அனுப்பிய எண்ணே உள்ளிடப்பட்டால் சர்வர் கணக்கை நிறுத்தி உரியவருக்குத் தெரிவிக்கலாம்.' கடைக்காரர் போகிற போக்கில் சொன்னது. விண்ணப்பம் எழுதும்போது தேவையில்லை என்று இரண்டு முறை அதை நீக்கினேன், பிறகு பயந்து இரண்டு முறையும் திரும்பச் சேர்த்தேன். என் சந்தேகப் புத்தியால் ஒரு நல்லது நடந்ததாக எனக்கு நினைவிருப்பது இது ஒன்றுதான்.

விசாரணையில் அதிகாரி நிதானமாகக் கேட்டார். பயனர் கூட்டுகிறார், சரி, இயந்திரம் என்ன செய்கிறது? பதினோராம் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லும் முதல் கோரிக்கையிலேயே இதை ஏன் எழுதவில்லை என்றார். மன்னிக்க வேண்டும் என்றேன். கோரிக்கையைத் திருத்தி, எழுத்து வாதத்தோடு தாக்கல் செய்யச் சொன்னார்.

திருத்தியதை ஏழு தடவை படித்துவிட்டு அனுப்பினேன். சில மாதம் கழித்துக் காப்புரிமை கிடைத்தது. கடைக்காரரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ். தங்கச்சி, நான் மறந்தே போன வரியில்லா அது" என்றார்.

மாமாவிடம் சத்தமாகச் சொன்னேன், உங்களால்தான் கிடைத்தது என்று. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் சொன்னதுதான சரி" என்றார்.