மாதாவுக்கு யார் முகம்

எங்கள் தெருவில் மீன் விற்கிற தித்தீனாவுக்கு வாய் அதிகம். கோவிலில் வைக்கிற கிறிஸ்துமஸ் குடிலில் ஒரு பொம்மைக்கு அவள் முகம் ஏறிய பிறகு அது இன்னும் அதிகமாகிவிட்டது. நெத்திலிக்கு யாராவது விலை குறைத்துக் கேட்டால் போதும், "யார்கிட்ட பேரம் பேசுறே? நான் குழந்தை ஏசுவுக்கு எதிர்த்தாப்புல நிக்கிறவளாக்கும்!" என்பாள். அவளை அங்கே நிறுத்தி வைத்த புண்ணியவான் என் புருஷன் லிபோரியோ.

லிபோரியோ நேப்பிள்ஸில் பஸ் ஓட்டுகிறான். சோறு போடுவது பஸ், பேர் வாங்கிக் கொடுப்பது மண். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அதே மேஜையில் களிமண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் காலையெல்லாம் பார்த்த முகங்கள் அவன் விரலில் இறங்கும். ரொட்டிக்காரர், சாவி செய்கிறவர், தித்தீனா என்று தெருவே அந்தக் குடிலில் மேய்ப்பர்களாக நிற்கிறது. தலையும் கையும் காலும்தான் அவன் வேலை. கம்பி வளைத்து, சணல் சுற்றி உடம்பு செய்வதும், பட்டன் வரைக்கும் உடுப்புத் தைப்பதும் நான். சலவைக் கடையில் கிழிசல் தைத்துவிட்டு வந்து இதையும் தைக்கிறேன். ஆனால் மேஸ்ட்ரோ என்று கூப்பிடுவது அவனை மட்டும்தான்.

இத்தனை வருஷத்தில் என் முகத்தை அவன் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான். ஒவ்வொருத்திக்கும் இடுப்பளவு எடுத்துப் பாவாடை தைக்கும்போது வயிறு பற்றி எரியும். மருந்துக்கடை ஓர்னெல்லா முகத்தையும் அவன் இன்னும் செய்யவில்லையே என்று நினைத்து என்னைத் தேற்றிக்கொள்வேன். புருஷனை இழந்தவள், அழகி. தினமும் அவன் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போகிறாள். எனக்கோ சலவைக் கடை பக்கத்துச் சந்திலேயே. நான் எதற்கு பஸ் ஏறப்போகிறேன்?

இந்த வருஷம் குடிலைத் தூசி தட்டும்போது மாதா சுரூபத்தின் தலை கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. பங்குச் சாமியார் சவேரியோ வீட்டுக்கே வந்து, புதுத் தலை வேண்டும் என்றார். அவர் வாசல் தாண்டுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"யோவ், மாதாவுக்கு யார் முகம்?"

"இன்னும் யோசிக்கல."

"யோசிக்காதே. என் முகம்தான். இல்லேன்னா உடுப்பை நீயே தைச்சுக்கோ."

சிரித்தான். "இதைக் கேக்கணுமா நுன்சியா? மாதாவே நீதான்!"

"அப்போ எதிர்ல உட்காரட்டுமா?"

"எதுக்கு? உன் முகம் எனக்கு மனப்பாடம்."

அப்பாடா என்றிருந்தது. அதற்கப்புறம் கடையில் ஊசி பிடித்தபடியே பாட்டு. தித்தீனாவிடம் போய், "இனிமே நீ எனக்கு எதிர்ல நிக்கணும், பார்த்து நில்லு," என்றும் சொல்லி வைத்தேன். மேஜை மேல் ஈரத்துணி போட்டு மூடியிருந்த தலையை நான் தூக்கிப் பார்க்கவே இல்லை. காற்றுப் பட்டால் மண் வெடிக்கும். அவ்வளவு ஆசையாக இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டி, கண்ணாடிக் கண் வைத்து, ஒரு மத்தியானம் என் கையில் கொடுத்தான்.

"பாரு. அச்சு அசல் நீயேதான்."

பார்த்தேன். லேசாகச் சாய்ந்த கழுத்து, மேலுதட்டில் சின்ன மடிப்பு. ஓர்னெல்லா.

கிண்டல் பண்ணுகிறானோ என்று அவனைப் பார்த்தேன். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கண்ணில்தான் கோளாறோ என்று, தலையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தித்தீனாவிடம் ஓடினேன்.

"இது யாருன்னு சொல்லு."

"அட, நம்ம மருந்துக்கடைக்காரி!" என்றாள் கண்ணை விரித்து. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அந்த வாயாடி காசுகூடக் கேட்காமல் நெத்திலியை அள்ளிப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தாள். அவள் கேலி பண்ணியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்தேன். உடைத்துப் போட்டிருக்கலாம், கை வரவில்லை. அவளை நினைத்துச் செய்துவிட்டு என்னிடம் பொய் சொல்கிறான் என்றால் முடியைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம். இவன் என்னை நினைத்துத்தானே செய்தான்! நினைத்தபோது வந்தது அவள் முகம். அதற்கு யாரை அடிப்பது?

உட்கார்ந்து தைத்தேன். உள்ளங்கிக்கு ரோஜா நிறம், மேலே நீலப் பட்டு. அதற்கும் மேலே ஒரு முக்காடு, மூக்கு வரை.

டிசம்பர் எட்டாம் தேதி, மாதா திருநாள் பூசை முடிந்து குடிலின் திரையை விலக்கினார்கள். சாமியார் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, மாதா முகமே தெரியலையே?"

"அடக்கமானவங்க, சாமி."

ஓர்னெல்லா எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். பட்டு ரொம்ப அழகு என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கூட்டம் கலைந்ததும் லிபோரியோ என் தோளைத் தொட்டான். "ஏன் நுன்சியா இப்படி இழுத்து மூடிட்டே? உன் முகத்தை எல்லாரும் பாக்கணும்னுதானே நான் அவ்வளவு பாடுபட்டேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.