உஷார் வீட்டு அவசர அலமாரி

பெண்டாட்டி மூச்சுக்குத் தவித்துக் கிடக்க, பூட்டு ரிப்பேர் கடைக்காரர் அலமாரிச் சாவியைத் தொலைத்துவிட்டுச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார் என்று தெருவில் ஒரு பேச்சு. இஸ்திரிக்காரி சொன்னால் அந்தச் சாவி சாக்கடையில் விழுந்திருக்கும். சலூன்காரர் சொன்னால் அடகுக்கடை வரைக்கும் போயிருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் நடந்தது வேறு. அதைக் கேட்டால், சாவியைத் தொலைத்தவனே எவ்வளவோ தேவலை என்று தோன்றும்.

அவரைத் தெருவே ‘உஷார்’ என்றுதான் கூப்பிடும். பூட்டோடு யார் வந்தாலும் அதைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "உஷாரா இருக்கணும் சார், காலம் கெட்டுக் கிடக்கு" என்று ஆரம்பிப்பார். உள்ளே ஒரு ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற கடை அது. சாவி தேய்க்கிற மெஷின் ஒரு பக்கம், செத்துப்போன பூட்டுகள் ஒரு டப்பா நிறைய மறுபக்கம். சாவிக்குத்தான் காசு. பூகம்பம் வந்தால் எந்த மேஜைக்குக் கீழே பதுங்க வேண்டும் என்பது இலவசம். வேண்டாம் என்றாலும் கிடைக்கும்.

கடையோடு விட்டிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். டிவியில் எங்கேயோ வெள்ளம் என்று காட்டினால் போதும், மாடி வீட்டில் இவர் விசில் ஊதுவார். மனைவி அடுப்பை அணைத்து, ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கி எதிரே விளக்குக் கம்பத்தடியில் போய் நிற்க வேண்டும். அந்த அம்மாளுக்கு இழுப்பு. ஏற்கெனவே மூச்சு விசிலடிக்கும். இவர் விசில் வேறு.

"என்னக்கா, இன்னிக்கு நெருப்பா, தண்ணியா?" என்று இஸ்திரிக்காரி கேட்பாள்.

"இன்னும் சொல்லலடி. மேலிடத்துல இருந்து உத்தரவு வரணும்."

மேலிடம் ஜன்னலில் நின்று, "பேசாம நில்லு! ஆபத்துல பேசக்கூடாது!" என்று கத்தும்.

வீட்டில் இன்னொரு ஜீவன் உண்டு. மனைவியின் தம்பி. வேலை தேடிக்கொண்டிருந்தான். வேலையும் அவனைத் தேடிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை. சோற்றுக்கு முதல் ஆள், விசிலுக்குக் கடைசி ஆள்.

உஷாரின் பெருமையெல்லாம் அவசர அலமாரிதான். பழைய மரச்சாமான் கடையில் வாங்கியது. அதில் டார்ச், கயிறு, மெழுகுவர்த்தி, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், மருந்து எல்லாம் அடுக்கினார். டார்ச் பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. பிஸ்கட் எங்கே போயிற்று என்று மச்சானின் சட்டையில் கிடந்த தூளைப் பார்த்தாலே தெரியும்.

"இந்த வீட்டுல ஆபத்தே நீங்கதான்டா!" என்று கத்தியவர், எல்லாவற்றையும் மறுபடி வாங்கி நிரப்பிப் பூட்டுப் போட்டார். அதுவும் லேசுப்பட்ட பூட்டா? பழைய பூட்டுகளின் குடலை உருவி ஒன்றாகச் சேர்த்து அவரே செய்தது. "உலகத்துல எந்தக் கொம்பனும் இதைத் திறக்க முடியாது" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். சாவியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். குளித்தாலும் கழற்றுவதில்லை. அலமாரியைத் திறப்பதும் இல்லை. ஒத்திகையில்கூட, "இப்ப திறந்தாச்சுன்னு வெச்சுக்கங்க" என்று அதன் முன்னால் சாவியைக் காற்றில் திருப்பிக் காட்டுவார். சமையலறை வாசலைப் பார்த்தபடி, மச்சானின் கட்டிலுக்குத் தடுப்பு மாதிரி நின்றது அலமாரி. சோறு வடிக்கிற ஆவி முழுவதும் அந்தப் பூட்டின் மேல்தான் படியும்.

மனைவியின் புது இன்ஹேலரும் உள்ளே போய்விட்டது.

"ஏங்க, கையில இருக்கறது தீரப்போகுது. புதுசை எடுத்துக் குடுங்களேன்."

"அது அவசரத்துக்கு."

"மூச்சு வரலைன்னா அதாங்க அவசரம்."

"இப்ப வருதுல்ல? வாய் நீளுதுல்ல? அப்புறம் என்ன அவசரம்?"

கட்டின பெண்டாட்டியின் மூச்சையே ரேஷன் போட்ட மகராசன். இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படி உஷாராக இருப்பது?

ஒரு மத்தியானம், மூன்று பேரும் வீட்டில் இருக்கும்போது, கீழே மெத்தைக் கடையில் பஞ்சு மூட்டை பற்றிக்கொண்டது. நிஜ நெருப்பு. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த விருந்தாளி வாசலுக்கு வந்த மாதிரி உஷாருக்குக் கை கால் ஓடவில்லை. விசிலை வாயில் வைத்து ஊதினார் பாருங்கள், தெருக்கோடியில் ஆட்டோவே நின்றுவிட்டது. வீட்டுக்குள் ஒருவரும் அசையவில்லை.

"சோத்து நேரத்துல கூடவாங்க?" என்றாள் மனைவி, கரண்டியும் கையுமாக.

அலமாரிக்குப் பின்னால் இருந்த கட்டிலிலிருந்து மச்சானின் குரல் வந்தது: "மாமா, நான் போன தடவையே தப்பிச்சுட்டேன். இன்னிக்கு விட்டுடுங்க."

"நிஜம்டா! நிஜ நெருப்புடா!"

"எல்லாத் தடவையும் அப்படித்தான் மாமா சொல்றீங்க."

அதற்குள் புகை படியேறி வந்துவிட்டது. கீழே கடைப் பையன்கள் பஞ்சில் தண்ணீரை ஊற்ற, நெருப்பு அணைந்து புகை மட்டும் ரெட்டிப்பாயிற்று. மனைவி வாசற்படி வரை போனாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. பழைய இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். வெறும் காற்று. உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. பேச வரவில்லை. அலமாரியைக் கை காட்டினாள்.

உஷார் ஓடினார். கழுத்துச் சாவி பூட்டுக்குள் போயிற்று. திரும்பவில்லை. மேலே தூக்கிப் பார்த்தார், கீழே அமுக்கிப் பார்த்தார். ம்ஹூம். ஊரெல்லாம் கூப்பிட்டு, "மாசத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க சார்" என்று பாடம் எடுத்தவர் தன் பூட்டுக்கு ஒரு சொட்டு விட்டதில்லை. ஆவி குடித்துக் குடித்து உள்ளே துரு பாய்ந்து, அந்தக் குடலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது.

உடைத்துவிடுங்கள் என்று மனைவி ஜாடை காட்டினாள்.

"இதை உடைக்க முடியாதுடி!" என்றார் உஷார்.

அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை இருந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாமா, அவர் தலையிலேயே அடிக்கலாமா?

அப்போது அலமாரிக்குள் ஏதோ சரசரவென்றது. பின்பக்கத்திலிருந்து மச்சான் இருமிக்கொண்டே வந்தான். கையில் புது இன்ஹேலர்.

"இந்தாக்கா. உறிஞ்சு. மெதுவா. இன்னொரு தடவை."

அவள் உறிஞ்சினாள். மறுபடி உறிஞ்சினாள். கொஞ்ச நேரத்தில் தோள் அடங்கிற்று. உதட்டில் நிறம் திரும்பிற்று. சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள். பிழைத்தாள்.

உஷார் அலமாரியின் பின்னால் போய்ப் பார்த்தார். பின்பலகை வெறும் அட்டைத் தடிமன். ஆணியைப் பிடுங்கிவிட்டு ஜன்னல் கதவு மாதிரி சாய்த்து வைத்திருந்தது. பூட்டுக்காரன் பார்வை பூட்டோடு நின்றுவிடும் போல. முன்னால் கோட்டை வாசல், பின்னால் கோழிக்கூடு. உள்ளே பிஸ்கட் பாக்கெட்டுகள் முன்பக்கம் பார்த்து அழகாக அடுக்கியிருந்தன. எல்லாம் வெறும் உறை.

"எத்தனை நாளாடா?"

"நீங்க பூட்டுப் போட்டதுல இருந்து மாமா. அதுக்கு முன்னாடி பின்னால வர வேண்டிய அவசியமே இல்லையே." கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு சேர்த்துச் சொன்னான்: "அக்கா மருந்தை மட்டும் நான் தொடலை. சத்தியமா."

கீழேயிருந்து ஏறி வந்தவர்கள், அவள் கிடந்த கோலத்தைப் பார்த்து, மருந்து கொடுக்க ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். உஷார் யோசிக்கவே இல்லை. "சாவி எங்கயோ விழுந்துடுச்சு" என்றார். சாவி தொலைவது யாருக்கும் நடக்கும். தான் செய்த பூட்டிடம் தானே தோற்ற பூட்டுக்காரனிடம் யார் வருவார்கள்? மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அன்றிலிருந்து விசிலுக்கு அவள் எழுந்திருப்பதும் இல்லை, அவரோடு தேவைக்கு மேல் பேசுவதும் இல்லை. சோறு வைப்பாள். "இந்தாங்க." அவ்வளவுதான்.

புரளி நன்றாகவே ஓடிற்று. வியாபாரத்துக்கும் பழுதில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டை மனைவி கடைக்குக் கொண்டுவந்திருந்தாள். படியிறங்கி நடந்து வந்ததில் மூச்சு லேசாக இரைத்தது. அப்போது ஒரு ஆள் வந்தார்.

"உங்க வீட்டு அலமாரிப் பூட்டு பத்தி கேள்விப்பட்டேங்க. சாவி தொலைஞ்சு, உங்களாலயே திறக்க முடியலையாமே! அப்படி ஒண்ணு எனக்குச் செஞ்சு குடுங்க. அம்மாவோட நெஞ்சுவலி மருந்தை வெக்கிற பெட்டிக்கு. பேரப்பசங்க தொட்டுடறாங்க."

வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் அந்தப் பூட்டை விலைக்குக் கேட்கிறார். உஷாரின் முகம் மலர்ந்தது. அளவு எடுக்கக் கை நீண்டது. மனைவி டிபன் கேரியரை வைத்துவிட்டு அங்கேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவ்வளவு சின்னக் கடைக்குள் நன்றாகவே கேட்டது.

உஷார் கையை இழுத்துக்கொண்டார்.

"சாவி தொலையல சார். இதோ, கழுத்துலதான் இருந்துச்சு. நான் செஞ்ச பூட்டு எனக்கே திறக்கல."